பசி கண்ட மண்ணில் பருமனும் பிரசவமும்

போரின் இறுதி மாதங்களான 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற வன்னித் தாய்மார், இன்று மகளோ மருமகளோ கர்ப்பமுற்றாள் என்று அறிந்த மாத்திரத்தில், "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேணும் பிள்ளை" என்று சோற்றின்மேல் சோறு போடுவதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், அந்த வாஞ்சை தாயையும் சிசுவையும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதும் தர்மமாகாது.

மாங்குளத்திலாயினும் கொழும்பிலாயினும், கிளினிக்குக்கு முதன்முதலாக வரும் பிள்ளைத்தாச்சியின் உயரத்தையும் நிறையையும் அளந்து, அவற்றிலிருந்து கணித்த உடற்றிணிவுச் சுட்டியைக் குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டில் எழுதுகிறார். அது 18.5க்குக் குறைந்தால் வீடே பதறுகிறது. 25ஐக் கடந்தால் "நல்ல தேகவாகு" என்று திருப்தியடைகிறது. சாதாரண உடல்வாகுடையவள் கர்ப்பகாலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்பதும், சுட்டி 30ஐத் தாண்டியவளுக்கு 5 முதல் 9 கிலோவே போதுமென்பதும் அடுப்படிவரை வந்து சேர்வதில்லை.

மிகையான பருமனோடு கர்ப்பந்தரிக்கும் ஸ்திரீக்குக் கர்ப்பகால நீரிழிவும், உயர் இரத்த அழுத்தமும், இரத்தக்கட்டும், சிசேரியனும் நேரும் அபாயம் அதிகம். தாயின் இரத்தத்தில் ஏறிய சீனி நச்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்ல, சிசுவின் கணையம் அதற்கீடாக இன்சுலினைச் சுரந்து சுரந்து அதன் தேகத்தைப் பெருக்க, பிரசவவேளையில் தலை வெளிவந்தும் தோள் சிக்கிக்கொள்ளலாம். கொடி அறுந்த பின்னும் அந்த இன்சுலின் ஓயாததால், கொழுகொழுவென்று எல்லாரும் கொண்டாடும் அந்தக் குழந்தையே சீனி குறைந்து சோர்ந்துவிடக்கூடும்.

பசிக்கும் பருமனுக்கும் உள்ள சம்பந்தம் இன்னும் ஆழமானது. 1944–45இல் ஒல்லாந்தை வாட்டிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை ஆராய்ந்தவர்கள், ஆரம்ப மாதங்களில் பட்டினியுற்ற கரு பிற்காலத்தில் பருமனுக்கு எளிதில் இலக்காவதைக் கண்டார்கள். 2009இல் இங்கே கருவிலிருந்த பெண்கள் இனித் தாய்மாராகப் போகிறவர்கள் என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

கர்ப்பிணியைப் பட்டினி போடுவதோ, அவள் தேகத்தைப் பரிகசிப்பதோ பரிகாரமன்று. நிறையைக் குறைக்கும் காலம் கருத்தரிப்பதற்கு முந்தியது. கருவுற்ற பின், பணிசுக்கும் சோடாவுக்கும் பதிலாகக் குரக்கன் பிட்டும் கீரையும் மீனும், அந்திவேளையில் சிறிது நடையும், முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரங்களிலும் சீனிப் பரிசோதனையும் அவசியம். இவற்றை அந்த இளம்பெண்ணுக்கு மாத்திரம் சொல்வதில் பயனில்லை. சட்டியில் அகப்பை போடுகிற மாமியாரையும் கிளினிக்கில் பக்கத்தில் இருத்திச் சொல்லவேண்டும். கர்ப்பத்தில் சீனி கண்டவளுக்குப் பிரசவத்தின் பின் ஆறாம் வாரத்தில் மறுபடி சீனி பார்க்கவேண்டும். அன்று பிள்ளையைத் தான் மடியில் வாங்கிக்கொண்டு மருமகளை அனுப்பிவைக்கவும் அவரே வேண்டும்.