ஏகலைவன் வில்லும் நம் வில்லும்

“ஏகலைவன் துரோணருடைய பதுமையை வைத்துக்கொண்டே வில் பயிலவில்லையா? நீ வீடியோவை வைத்துக்கொண்டு பிடில் பயிலக்கூடாதா?”

விடுதி அறைக்கு என் பிடிலைக் கொண்டுவந்த அன்று நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. காசிக்குப் படிக்க வந்ததும் ஊர் ஆசிரியரிடம் கற்றுவந்த பாடம் வர்ணங்களோடு நின்றுபோயிருந்தது. ஆனால் கையில் கைப்பேசி இருக்கிறது. லால்குடி ஜெயராமனும் எம். எஸ். கோபாலகிருஷ்ணனும் நினைத்த நேரத்தில் அதில் வந்து வாசிக்கிறார்கள். இனி என்ன குறை என்று எண்ணினேன்.

ஒன்றரை ஆண்டு அப்படியே பயின்றேன். சென்ற விடுமுறையில் ஆசிரியர் முன் அமர்ந்து ஒரு வர்ணம் வாசித்தேன். பல்லவி முடியுமுன்பே அவர் கையமர்த்தினார்.

“ஏம்பா, வலது தோள் எதுக்குக் காது வரைக்கும் ஏறுது?”

தோள் ஏறுவதே எனக்குத் தெரியாது! வில் குதிரைக்கு இணையாகச் செல்லாமல் விரல் பலகைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போவதும் தெரியாது. அவற்றை மறக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கற்பதைவிட மறப்பது கடினம் என்று அன்று அறிந்தேன்.

நண்பரின் உவமையில் எங்கே பிழை என்று பின்னர் யோசித்தேன். ஏகலைவனுக்குப் பதுமை எதுவும் சொல்லவில்லை என்பது உண்மையே. ஆனால் அவனுக்குக் குறி இருந்தது. அம்பு தவறினால் தவறியது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிடில் வில்லுக்கு அப்படி ஒரு குறி ஏது? நாம் தினமும் எழுப்பும் கீறல் ஓசை நாளடைவில் நம் செவிக்குப் பழகி, இனிமையாகவே தோன்றத் தொடங்கிவிடுகிறது.

வில் போடுவதில் கவனிக்க வேண்டியவை மூன்று: வில்லின் வேகம், தந்தியில் அது படும் இடம், கை தரும் கனம். முதல் இரண்டையும் வீடியோவில் ஓரளவு காணலாம். மூன்றாவதைக் காணவே முடியாது. வில்லின் மொத்த எடை ஏறக்குறைய 60 கிராம். அடிப்பக்கத்தில் வாசிக்கும்போது அந்த எடையே மிகுதி. சுண்டுவிரல் அதைத் தாங்கிக் குறைக்க வேண்டும். நுனிக்குப் போகப்போக எடை போதாது. ஆட்காட்டி விரல் அழுத்தம் கொடுத்து ஈடுசெய்ய வேண்டும். ஒரே ஸ்வரத்தை நீட்டும் அந்தச் சில விநாடிகளுக்குள் விரல்களுக்கிடையே இந்தக் கைமாற்றம் நடந்தாக வேண்டும். வித்வானின் கையில் இது நடப்பதே தெரியாது. நம் கையில் நடக்கவில்லை என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு, கச்சேரியைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் முகத்தையும் இடக்கை விரல்களையுமே காட்டுகிறார்கள்.

ஆகவே வீடியோவைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு வில்லில் எத்தனை ஸ்வரம் அடங்குகிறது, வில் எங்கே திரும்புகிறது என்று எண்ணிப் பார்க்க நம் முன்னோருக்கு வாய்ப்பில்லை, நமக்கு இருக்கிறது. டி. என். கிருஷ்ணன் அவசரமின்றி வில்லை அடியிலிருந்து நுனிவரை செலவிடும் அழகைப் பல முறை பார்ப்பது பெரும் பாடம். ஆனால் நாம் வித்வானைப் பார்க்கிறோம். வித்வான் நம்மைப் பார்ப்பதில்லை. குறை இவ்வளவுதான்; ஆனால் இது சிறு குறை அன்று.

அவருடைய தங்கை என். ராஜம் அவர்களை இந்தக் காசியில் நாம் மறக்கலாகாது. கர்நாடக முறையில் முன்பே தேர்ந்தவர் அவர். இசைத்தட்டும் வானொலியும் அன்றும் இருந்தன. ஆயினும் இந்துஸ்தானி இசையைப் பிடிலில் பாட வைக்க விரும்பியபோது ஓம்கார்நாத் தாகூரிடம் மாணவியாக அமர்ந்தார். பின்னர் நம் பல்கலைக்கழகத்திலேயே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தார். தேர்ந்தவருக்கே ஆசிரியர் வேண்டியிருந்தது என்றால் நம் போன்றோர் எம்மாத்திரம்?

என் யோசனைகள் இரண்டு. முதலாவது, கைப்பேசியை நம் பக்கம் திருப்புவோம். வில்லும் குதிரையும் ஒருசேரத் தெரியும்படி வைத்துப் படம் எடுத்து, முதலில் ஓசையின்றிப் பாருங்கள். உங்கள் தோள் உங்களுக்கே வியப்பளிக்கும்! ஆனால் ஓசையின் கனத்தை அதைக் கொண்டு அளக்காதீர்கள். மெல்லியதை உயர்த்தி, உரத்ததைத் தாழ்த்தி அது சமமாக்கிவிடக்கூடும்.

இரண்டாவது யோசனை நம் சங்கத்துக்கு. மாதம் இருமுறை ஞாயிறு மாலையில் வாத்தியம் பயில்வோர் ஒன்றுகூட ஓர் அறை ஏற்பாடு செய்யலாம். ஒருவர் வாசிக்க, மற்றவர் பார்த்துக் கூசாமல் குறை சொல்லட்டும். இசைப் பிரிவின் மேல் வகுப்பு மாணவர் ஒருவரை மாதம் ஒரு மணி நேரம் வரச் சொல்லி அழைப்போம். அதற்கு ஆளுக்கு ஒரு சிறு சந்தா போதும்.

ஊரை விட்டு வந்த நாள்முதல் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் உறங்கும் பிடில்கள் நம் விடுதிகளில் சிலவேனும் இருக்கும். செயலாளர் நாளைக் குறிக்கட்டும். நண்பர்கள் பெட்டியைத் திறக்கட்டும். வில்லுக்குப் பூச ரோசின் நான் கொண்டுவருகிறேன்.