பேய் பிடிக்க எந்தக் கேமரா நல்லது?



இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேய் வேட்டை என்பது ஒரு பொழுதுபோக்கு. நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, பழைய கோட்டை, மூடிப்போன சிறைச்சாலை என்று ராத்திரி நேரத்தில் போவார்கள். சில இடங்களில் இதற்கு டிக்கெட் கூட உண்டு! விளக்கை அணைத்துவிட்டு, "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பிரிட்டனில் 2002-லும், அமெரிக்காவில் 2004-லும் இதையே டிவி தொடராகக் காட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? பேய் வேட்டைக்காரர்களுக்கென்றே சாமான் விற்கும் கடைகள் வந்துவிட்டன.

அந்தச் சாமான்களில் ராஜ மரியாதை பெறுவது, 'ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா'. தமிழில் முழு நிறமாலைக் கேமரா என்று சொல்லலாம். "நம் கண்ணுக்குத் தெரியாததை இது பார்க்கும். பேயும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பேயை இது பார்க்கும்!" என்பது விற்பவர்களின் வாதம்.

சரி, இதில் எதைத் தேர்ந்தெடுத்து வாங்குவது? ரிடையர்டு வாத்தியாருக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். நிறமாலை எங்கள் பாடம் அல்லவா! முப்பட்டகத்தை ஜன்னலோரம் வைத்து, சுவரில் ஏழு நிறம் காட்டியே காலத்தை ஓட்டியவன் நான்.

நம் கண் பார்க்கும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டரிலிருந்து 700 நானோமீட்டர் வரை. ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும். சிவப்புக்கு அப்பால் அகச்சிவப்பு ஒளி இருப்பதை 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். ஊதாவுக்கு அப்பால் புற ஊதா ஒளி இருப்பதை மறு வருடமே ஜெர்மனியின் ரிட்டர் கண்டுபிடித்தார். இருவரும் பேயைத் தேடிப் போகவில்லை. சூரிய ஒளியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

டிஜிட்டல் கேமராவுக்குள் இருக்கும் சென்சார், உண்மையில் நம் கண்ணைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கும். ஏறக்குறைய 350-லிருந்து 1000 நானோமீட்டர் வரை அதற்குத் தெரியும். ஆனால் அப்படியே விட்டால் படத்தின் நிறம் கெட்டுவிடும். அதனால் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடியை வைத்து, கூடுதல் ஒளியைத் தடுத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றி, பதிலுக்கு எல்லா ஒளியையும் விடும் தெளிவான கண்ணாடியை வைத்தால் அதுதான் ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா. இவ்வளவுதான் மர்மம்!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். டிவி ரிமோட்டின் முனையில் இருக்கும் குட்டி பல்பை செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து, ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செல்போன் திரையில் பல்பு ஊதா கலந்த வெள்ளையாக மின்னும். அது ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி. சில செல்போன்களில் பின் கேமராவின் வடிகட்டி பலமாக இருக்கும். அப்போது முன் கேமராவில் பாருங்கள்.

இப்போது ஒரு பெரிய தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கேமரா உடம்புச் சூட்டைப் பார்க்கும், 'குளிர்ந்த ஆவி' நின்றால் காட்டிவிடும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். பார்க்கவே பார்க்காது! 37 டிகிரி சூட்டில் இருக்கும் நம் உடம்பு அதிகமாக வெளியிடும் கதிர்களின் அலைநீளம் சுமார் 9,300 நானோமீட்டர். இந்தக் கேமராவோ 1000-லேயே நின்றுவிடும். சூட்டைப் படம் பிடிக்கத் தெர்மல் கேமரா என்று வேறு ஒன்று இருக்கிறது. அதன் லென்ஸே சாதாரணக் கண்ணாடியில் செய்யப்பட்டதல்ல. இரண்டும் ஒன்று என்று யாராவது விற்றால், அவருக்குப் பொருளும் தெரியாது, பாடமும் தெரியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடைகளிலும் வங்கிகளிலும் ராத்திரியில் வேலை செய்யும் கண்காணிப்புக் கேமராக்கள் என்ன செய்கின்றன? இருட்டியதும் தம் வடிகட்டியை நகர்த்திவிட்டு, லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொண்டு விடிய விடியப் பார்க்கின்றன. உலகம் முழுக்க இப்படிக் கோடிக்கணக்கான கேமராக்கள், தினமும்! அகச்சிவப்பில் பேய் தெரியும் என்றால் முதலில் செய்தி சொல்லியிருக்க வேண்டியவர்கள் இரவுக் காவலர்கள்தானே? புற ஊதா ஒளியைத் தேனீ பார்க்கும். பூவைத் தேடி வந்த தேனீ பேயைப் பார்த்து ஓடியதாக யாரும் எழுதவில்லை.

அப்படியானால் வேட்டைக்காரர்கள் காட்டும் படங்களில் இருப்பது என்ன? பெரும்பாலும் கேமராவே உண்டாக்கிய பேய்கள்.

அகச்சிவப்பில் உலகம் வேறு மாதிரித் தெரியும். பச்சை இலை வெள்ளையாகும். சில கறுப்புத் துணிகள் வெளுத்துப் போகும். மனித முகம் மெழுகுபோல் ஆகிவிடும். தெரிந்த நண்பரே மாளிகை மாடிப்படியில் நின்றால் ஆவி நிற்பதுபோல்தான் இருக்கும். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிச்சத் திட்டு ஒன்று விழும். இருட்டில் ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்து எடுக்கும்போது குறுக்கே ஒருவர் நடந்து போனால், சுவர் தெரியும்படி ஊடுருவும் உருவமாகப் பதிவார். அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ஒளி உருண்டைகள்! லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃப்ளாஷ் இருக்கும் சிறிய கேமராக்களில், முன்னால் மிதக்கும் தூசியும் நீர்த்திவலையும் வெளிச்சம் பட்டு வட்ட வட்டமாகத் தெரியும். பாழடைந்த கட்டடத்தில் தூசிக்கா பஞ்சம்? இங்கிலாந்துக் குளிரில் படம் எடுப்பவர் விட்ட மூச்சே வெண்புகையாகி லென்ஸுக்கு முன் வந்து நிற்கும்.

"நம்புகிறவர்கள் நம்பட்டுமே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் மம்லர் என்று ஒருவர் இருந்தார். நகையில் எழுத்துப் பொறிக்கும் தொழிலாளி. 1860களின் தொடக்கத்தில் அவர் எடுத்த ஒரு படத்தில் மங்கலாக இன்னொரு உருவம் தெரிந்தது. இறந்துபோன தன் உறவுப் பெண்ணின் ஆவி என்றார். அது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1861-லிருந்து 1865 வரை நடந்த அந்தப் போரில் 6 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் வீட்டுக்கு வீடு. அவர்கள் மம்லரின் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு படத்துக்கு 10 டாலர் வரை வாங்கினார் அவர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

கொஞ்ச நாளில், அவர் காட்டிய 'ஆவி'களில் சிலர் அதே பாஸ்டனில் உயிரோடு நடமாடிக்கொண்டிருப்பது தெரிந்துபோனது! மம்லர் நியூயார்க்குக்குப் போனார். அங்கே 1869-ல் வழக்குப் போட்டார்கள். வேடிக்கைக் காட்சிகள் நடத்திப் பெயர் வாங்கிய பி.டி.பார்னம் சாட்சி சொல்ல வந்தார். 'இதில் மாயம் ஒன்றுமில்லை' என்று காட்ட, ஒரு புகைப்படக்காரரிடம் சொல்லித் தாமும் ஆபிரகாம் லிங்கனின் 'ஆவி'யும் சேர்ந்திருக்கும் படத்தை எடுக்க வைத்தார். இருந்தும், ஏமாற்று நடந்ததாகவே தம் மனசுக்குப் படுகிறது, ஆனால் எப்படிச் செய்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நீதிபதி மம்லரை விடுவித்துவிட்டார். அதன் பிறகும், 1870களின் தொடக்கத்தில், லிங்கனின் மனைவி மேரியே கறுப்பு உடையில் மம்லர் முன் வந்து உட்கார்ந்தார். படத்தில் அவர் தோளில் கைவைத்தபடி லிங்கன் நின்றார். கணவரைச் சுட்டுக் கொன்றதை நேரில் பார்த்தவர் அந்த அம்மா. பிள்ளைகளில் மூவரைப் பறிகொடுத்தவர். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. எடுத்தவர்மேல்தான் கோபம் வருகிறது.

இங்கிலாந்தில் குரூ என்ற ஊரில் வில்லியம் ஹோப் என்பவரும் இதே தொழிலைச் செய்தார். 1922-ல் ஹாரி பிரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் அவரைச் சோதித்தார். அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. பிரைஸ் தம் தகடுகளில் எக்ஸ்ரே மூலம் யாருக்கும் தெரியாமல் அடையாளம் போட்டுக் கொடுத்தார். ஆவியோடு திரும்பி வந்த தகட்டில் அந்த அடையாளம் இல்லை! தகடு மாற்றப்பட்டிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஹோப்புக்காக வாதாடியவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். அவர் 1918-ல் தம் மகனை இழந்தவர். துக்கம் வந்தால் துப்பறியும் கதை எழுதியவருக்கே கண் மறைக்கும்போது, மற்றவர்கள் எம்மாத்திரம்?

அதனால்தான் கேமரா தேர்ந்தெடுப்பதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கருத்து இது. பெட்டியின்மேல் 'பேய்' என்று அச்சடித்த கேமராவை வாங்கவே கூடாது. சாதாரண கேமராவையே மாற்றி, அந்த ஒரு சொல்லுக்காக விலையை ஏற்றி விற்பதும் உண்டு. அதற்குப் பதில், வடிகட்டி நீக்கித் தரும் தொழில் தெரிந்தவர்களிடம் மாற்றிய கேமராவை, அது எந்த அலைநீளம் வரை பார்க்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். சென்சாரை வைத்தே ஃபோகஸ் செய்யும் மிர்ரர்லெஸ் வகையாக இருந்தால் நல்லது. அகச்சிவப்பு ஒளி சற்றுத் தள்ளிக் குவிவதால், பழைய வகைகளில் படம் மங்கும். மங்கிய படத்தில்தான் பேய்கள் அதிகம்!

செலவு செய்ய முடியாதவர்களுக்குப் பழைய வீடியோ கேமரா போதும். 1998-லிருந்து சோனி ஹேண்டிகேமில் 'நைட்ஷாட்' என்று ஒரு வசதி வந்தது. ஒரு பொத்தானை நகர்த்தினால் வடிகட்டி விலகிவிடும். யாரும் எதையும் கழற்ற வேண்டாம்.

கழற்றுவது என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் யாரும் கேமராவைத் திறக்கக் கூடாது. ஃப்ளாஷுக்காக உள்ளே இருக்கும் மின்தேக்கியில், பேட்டரியை எடுத்த பிறகும் 300 வோல்ட் வரை மின்சாரம் தங்கியிருக்கலாம். பேயைவிட அது நிஜம்!

எதை வாங்கினாலும் ஒன்று போதாது. இரண்டு கேமரா வேண்டும். மாற்றிய கேமரா ஒன்று, மாற்றாத சாதாரண கேமரா ஒன்று. இரண்டையும் முக்காலியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஒன்றில் உருண்டை தெரிந்து மற்றதில் தெரியாவிட்டால், அது அந்த ஒரு லென்ஸுக்கு முன்னால் பறந்த தூசி. விளக்கைப் போட்டும் ஒரு படம், அணைத்தும் ஒரு படம். யார் எங்கே நின்றார்கள் என்று நோட்டில் குறிப்பு. பிரைஸ் தகட்டில் போட்ட அடையாளம் மாதிரிதான் இதுவும். இந்தச் செலவைப் பார்த்ததும், "இரண்டாவது எதற்கு சார்?" என்று கேட்கும் வேட்டைக்காரரின் படத்தை நான் நம்பத் தயாரில்லை.

கேமராவே இல்லாமல் பேயைப் பிடித்த ஒருவரும் உண்டு. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர், மருத்துவக் கருவிகள் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே பேய் நடமாட்டம் என்று பேச்சு. ஒரு ராத்திரி தனியாக இருக்கும்போது அவருக்கு உடம்பு சில்லிட்டது. கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம்! திரும்பினால் ஒன்றும் இல்லை. மறுநாள், போட்டிக்காகத் தம் வாள்வீச்சு வாளைச் சரிசெய்ய எடுத்துப்போனார். பிடிகருவியில் மாட்டிய வாள் தானே அதிர ஆரம்பித்தது. மற்றவர்களாக இருந்தால் ஓடியிருப்பார்கள். அவர் வாளை இங்கும் அங்கும் நகர்த்தி, எங்கே அதிகம் அதிர்கிறது என்று பார்த்தார். புதிதாக மாட்டிய ஒரு காற்று வெளியேற்றும் விசிறி, வினாடிக்குச் சுமார் 19 அதிர்வுள்ள ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. நம் காதுக்குக் கேட்காத ஒலி அது. விசிறியைச் சரிசெய்ததும் அதிர்வு போய்விட்டது. 1998-ல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். எல்லாப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவர் நகர்த்திப் பார்த்தாரே, அந்தப் பழக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமரா வீண் பொருள் என்று நான் சொல்லவில்லை. விண்மீன்களுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜன் வாயு மேகங்கள் 656 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்கின்றன. சாதாரண கேமராவின் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் வானத்தைப் படம் எடுப்பவர்கள் வடிகட்டியை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே கேனான் நிறுவனம் 2005-ல் தனிக் கேமரா ஒன்றை வெளியிட்டது.

லண்டன் நேஷனல் கேலரியில் யான் வான் ஐக் 1434-ல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. அர்னோல்ஃபினி என்ற வியாபாரியும் ஒரு பெண்ணும் கைகோத்து நிற்பார்கள். அதை, இன்னும் நீண்ட அலைகளைப் பார்க்கும் அகச்சிவப்புக் கருவியால் ஆராய்ந்தார்கள். வண்ணத்துக்கு அடியில் ஓவியர் முதலில் போட்ட கோடுகள் தெரிந்தன. வியாபாரி தூக்கியிருக்கும் வலது கையை அவர் முதலில் வேறு மாதிரி வரைந்து, பிறகு மனம் மாறித் திருத்தியிருக்கிறார். வான் ஐக் 1441-ல் இறந்துவிட்டார். அவர் திருத்திய கோடு இன்றும் வண்ணத்துக்கு அடியில் அப்படியே இருக்கிறது.