கொலுவுல ஒரு ஸ்டேஷன் கட்டலாம் வாங்க

புனேல இருக்குற நம்ம மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்லேர்ந்து விருந்தாளி வந்தா முதல் நாள் ஷனிவார் வாடா, தக்டூசேட் கணபதி. ரெண்டாவது நாள் கூட குழந்தைங்க இருந்தா கோத்ரூட்ல இருக்குற ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம். பாவூ ஜோஷிங்கிற ஒரு மனுஷர் வாழ்நாள் முழுக்க ரயில் பொம்மை மேல வச்ச காதல், 1998-ல மியூசியமா திறந்துச்சு. ஒரு பெரிய அறை, நடுவுல ஒரு குட்டி நகரம், அதுல சிக்னல், மேம்பாலம், கட்டடங்கள், சுத்திச் சுத்தி ஓடுற ரயில்கள். நடுவுல அறை விளக்கை அணைச்சிடுவாங்க. நகரத்துல மட்டும் ஜன்னல் ஜன்னலா, கம்பம் கம்பமா வெளிச்சம் வரும். அப்ப கூட்டத்துலேர்ந்து ஒரு "ஆ..." சத்தம் கேக்கும் பாருங்க, அது அம்பது வயசுக்காரங்க சத்தம்தான் :-)

ஜெர்மனியில ஹாம்பர்க்ல 2001-ல ஆரம்பிச்ச மினியேச்சர் வுண்டர்லாண்ட்லயும் இதே மாயம்தான், இன்னும் ரொம்ப பிரம்மாண்டமா. அங்க பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ராத்திரி வந்துட்டுப் போகும்.

இதையெல்லாம் கட்டாயம் போய்ப் பாருங்க. ஆனா பாக்குறதோட நிறுத்தாதீங்கங்கிறதுதான் என் கட்சி. வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டேஷன் கட்டுங்க. அதுவும் ஐரோப்பா ஸ்டேஷன் இல்ல, உங்க அப்பா அம்மா ஏறி இறங்குன நம்ம ஊர் ஸ்டேஷன்.

"ஆணி புடுங்கவே நேரம் பத்தல, இதுல ஸ்டேஷன் வேறயா?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. ஆனா இது நமக்குப் புதுசே இல்லீங்க. நவராத்திரி கொலுவுக்குப் பக்கத்துல 'பார்க்' கட்டுனவங்கதானே நாம? மண்ணைக் கொட்டி, கேழ்வரகு தூவி புல்லு முளைக்க வச்சு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, ஒரு பொம்மை ரயிலையும் விட்டோமே. கிறிஸ்தவக் குடும்பங்கள்ல குடில் கட்டுறதும் இதே வித்தைதான். நாம வந்து சேர்ந்திருக்குற புனேலயும் இது உண்டு. தீபாவளி வந்தா சொசைட்டி பசங்க எல்லாம் சேர்ந்து செங்கல், சாக்கு, களிமண்ணு வச்சு 'கில்லா' கட்டுவாங்க. ராய்காட், சிம்மகாட் மாதிரி சிவாஜி மகாராஜா கோட்டைகள். உச்சியில சிவாஜி, படிக்கட்டுல வீரர்கள். அந்தப் பசங்களுக்கு அந்தக் கோட்டையோட வாசல் எந்தப் பக்கம்னு தெரியும். பாடப் புத்தகம் மட்டும் காரணமில்ல, கையால கட்டியிருக்காங்க.

நம்ம பசங்களும் அவங்களோட சேர்ந்து கில்லா கட்டுறாங்க, நல்ல விஷயம். ஆனா நம்ம ஊர்ல எந்த வாசல் எந்தப் பக்கம்னு கேட்டா முழிப்பாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் ஊருங்கிறது ஏர்போர்ட், டாக்ஸி, தாத்தா வீட்டு ஹால். அவ்வளவுதான்.

எங்க ஊர் மதுரை - போடி லைன்ல இருக்கு. 1928-ல வந்த லைன் அது. மீட்டர் கேஜை அகலப் பாதையா மாத்தணும்னு 2010 டிசம்பர் கடைசியில ரயிலை நிறுத்துனாங்க. தேனி வரைக்கும் திரும்ப ஓடுனது 2022 மே மாசம், போடி வரைக்கும் 2023 ஜூன். இப்ப அகலப் பாதை, புது ஸ்டேஷன். எங்க அப்பாவும் அம்மாவும் அதுலதான் மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றாங்க, எனக்கு ஒரு குறையும் இல்ல. பழசுதான் ஒசத்தின்னு கொசுவத்தி சுத்துறதுக்காக இதை எழுதல. நான் சொல்றது வேற. பழைய ஸ்டேஷன் எப்படி இருந்துச்சுங்கிறது இப்ப எழுபது, எண்பது வயசுக்காரங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. விருத்தாசலம் பக்கமா இருக்கட்டும், செங்கோட்டை பக்கமா இருக்கட்டும், மீட்டர் கேஜ் போன ஊர் எல்லாத்துலயும் இதே கதை.

சரி, எப்படிக் கட்டுறது? உலகத்துல ரொம்பப் பேர் வச்சிருக்குற அளவு எச்.ஓ., அதாவது நிஜத்துல 87 பங்குல ஒரு பங்கு. ஏழடி கதவு 24 மில்லிமீட்டர். அஞ்சரை அடி மனுஷன் ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பதினஞ்சு மீட்டர் நீள ஸ்டேஷன் கட்டடம் 17 சென்டிமீட்டர்தான், ஒரு ஷூ பெட்டி அட்டை தாராளமா போதும். ஜெர்மன் கிட் வாங்கலாம், அழகாத்தான் இருக்கும், ஆனா அதுல பனி விழுற ஊர் கூரைதான் வரும். நம்ம மஞ்சள் போர்டு, சிமெண்ட் பெஞ்சு, வேப்ப மரம் எல்லாம் எந்தப் பெட்டியிலயும் வராது. அப்பா பல்வந்த் சௌக்ல மவுண்ட் போர்டும் பெயிண்ட்டும், புத்வார் பேட்ல பாசோட்யா விட்டோபா பக்கம் எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் ஒயரும். ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துல ரெண்டையும் முடிச்சிரலாம், பார்க்கிங் கிடைச்சா.

விளக்கு போடுறப்ப ரெண்டு மூணு விஷயம் முக்கியம். அட்டைச் சுவருக்கு உள்பக்கம் முதல்ல கறுப்பு அடிங்க, அதுக்கு மேல வெள்ளை. இல்லேன்னா ஜன்னல் மட்டும் இல்லாம சுவரே விளக்கு மாதிரி எரியும். அறைக்கு அறை தடுப்பு வைங்க, அப்பதான் ஒரு அறை வெளிச்சமாவும் பக்கத்து அறை இருட்டாவும் இருக்கும். 3 மில்லிமீட்டர் எல்.இ.டி. இந்த அளவுல 26 சென்டிமீட்டர் குண்டு மாதிரி தெரியும், அதனால கூரைக்குள்ள ஒளிச்சு வைங்க. வெளியில தெரியுற இடத்துக்கு அரிசியை விடச் சின்ன எல்.இ.டி. கிடைக்கும். நாலடி ட்யூப் லைட்டுன்னா 14 மில்லிமீட்டர். ட்யூப் லைட்டுக்கு வெள்ளை, குண்டு பல்புக்கு மஞ்சள். 9 வோல்ட் பேட்டரிக்கு 300 ஓம் போட்டா எல்.இ.டி. பளிச்சுன்னு எரியும், கல்யாண மண்டபம் மாதிரி. 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம்னு ஏத்துங்க, கிராமத்து ஸ்டேஷன் வந்துரும்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. கட்டடம் கட்ட அளவு தெரிஞ்சா போதும். பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சா கதவை வச்சு மிச்ச அளவையும் கணக்கு போட்டுரலாம். ஆனா விளக்கு போட, அங்க ராத்திரி யார் இருந்தாங்கன்னு தெரியணும். எந்த அறையில ஆள் முழிச்சிருந்தாங்க, எந்த ஜன்னல் எப்பவும் சாத்தியே கிடக்கும், பிளாட்பாரத்துல எது வரைக்கும் வெளிச்சம். இது எந்தப் போட்டோவுலயும் இருக்காது, ஏன்னா நம்ம வீட்டு ஆல்பத்துல ராத்திரியில எடுத்த ஸ்டேஷன் போட்டோ யார்கிட்ட இருக்கு? ஆளைத்தான் கேக்கணும்.

எங்க வீட்டுல அப்படித்தான் ஆச்சு. என் பொண்ணுக்கு பதினோரு வயசு, அட்டையை வெட்டி ஒட்டி முடிச்சிட்டு ஸ்பீக்கர் போன்ல தாத்தாவைப் புடிச்சா.

"தாத்தா, நைட்ல ஸ்டேஷன்ல எத்தனை லைட் எரியும்?"

"லைட்டா? ரெண்டு தாயி. மாஸ்டர் ரூம்ல ஒண்ணு, டிக்கெட் குடுக்குற எடத்துல ஒண்ணு. வேப்ப மரத்துக்கிட்ட கம்பத்துல மூணாவது ஒண்ணு இருந்துச்சு, அது எப்பவும் ஃபியூஸுதான்."

அப்புறம் தானாவே வந்துச்சு. சிக்னல் கம்பத்துல மண்ணெண்ணெய் விளக்கு ஏத்த ஏணியில ஏறுற ஆளு. அரிக்கேன் லைட்ட முன்னாடி வச்சுக்கிட்டு அவிச்ச கடலை வித்த அம்மா. உடனே எங்க அம்மா பின்னாலேர்ந்து, "கடலை இல்லீங்க, பனங்கிழங்கு!" அதுக்கப்புறம் இருபது நிமிஷம் கடலையா பனங்கிழங்கான்னு அங்க பஞ்சாயத்து. வழக்கமா "சாப்பிட்டியா, படிச்சியா, சரி அப்பாகிட்ட குடு"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடியுற போன் அது. தங்கமணி சமையல்கட்டுலேர்ந்து வந்து உக்காந்துட்டாங்க.

மரத்தடியில ஒரு சின்ன மஞ்சள் எல்.இ.டி. வந்தது இப்படித்தான். மூணாவது கம்பத்தையும் என் பொண்ணு நட்டா. ஒயர் மட்டும் குடுக்கல.

"ரயில் எங்க?"ன்னு பாக்க வர்றவங்க கேப்பாங்க. ரயில் கட்டாயமில்லீங்க. மீட்டர் கேஜ் எஞ்சின் இந்த அளவுல நம்ம ஊர்ல கடையில வாங்க முடியாது, அதுக்காகக் காத்திருந்தா ஸ்டேஷனும் வராது. எங்க ஊர் நிஜ ஸ்டேஷனே பதினோரு வருஷத்துக்கு மேல ரயில் இல்லாமதான் இருந்துச்சு, பொம்மை ஸ்டேஷன் இருக்கக் கூடாதா?

"பசங்களுக்கு இதுல ஆர்வம் இருக்காது, எல்லாம் மொபைல்தான்"னு சொல்றவங்களுக்கு ஒரு பதில். ஊர் பெருமைன்னு நாம உக்கார வச்சு லெக்சர் குடுத்தா யாருக்குமே ஆர்வம் இருக்காது. கையில ஒரு வேலை இருக்கணும், அந்த வேலைக்குத் தாத்தாகிட்ட மட்டும் இருக்குற ஒரு தகவல் தேவைப்படணும். அப்ப அவங்களே போனை எடுப்பாங்க. தாத்தாவுக்கும் நம்மகிட்ட ஏதோ கேக்குறாங்களேன்னு ஒரு தெம்பு. வெளியூர்ல இருக்குற நாம மாசா மாசம் பணம் அனுப்புறோம், மருந்து ஆர்டர் பண்றோம். அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்ககிட்ட கேக்குறது மட்டும்தான் விட்டுப் போகுது.

நவராத்திரிக்கோ கிறிஸ்துமஸுக்கோ காத்திருக்கணும்னு கூட இல்ல. இந்த வாரக் கடைசியிலயே ஒரு ஷூ பெட்டியைத் தேடுங்க. முதல்ல போன் போடுங்க, அட்டையை அப்புறம் வெட்டிக்கலாம். கடை எப்பவும் திறந்திருக்கும்.