நெல் இலையைக் கருக்கும் பாக்டீரியா: மரபணுவை உடைத்துப் பார்த்ததில் தெரியவந்தது என்ன?

ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு மழை அடித்து ஓய்ந்த சில நாட்களில், ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்துச் சம்பா வயல்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நெல் இலையின் நுனியில் தொடங்கும் மஞ்சள், இரண்டு ஓரங்களிலும் அலை அலையாக இறங்கும். பிறகு இலை வைக்கோல் நிறத்தில் காய்ந்துவிடும். "நேத்து வரைக்கும் பச்சையாத்தானே இருந்துச்சு, உரம் பத்தலையோ" என்று இன்னொரு தடவை யூரியா போடுபவர்களும் உண்டு. அங்கேதான் தப்பு நடக்கிறது. தழைச்சத்து கூடக் கூட இந்த நோய் இன்னும் வேகமாகப் பரவும்.

இதன் பெயர் பாக்டீரியா இலைக் கருகல். சந்தேகம் இருந்தால் நோய் கண்ட இலையை வெட்டி, வெட்டுவாயை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் பால் கசிவதுபோல வெண்மையாக ஏதோ இறங்கும். அவ்வளவும் பாக்டீரியா. சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற இந்தக் கிருமி, இலையோரத்து நீர்த்துளைகள் வழியாகவோ, காற்றில் இலைகள் உரசி ஏற்பட்ட கீறல் வழியாகவோ உள்ளே போய், செடி தண்ணீர் ஏற்றும் குழாய்களில் குடியேறிவிடுகிறது.

மருந்து அடித்தால் போகாதா? பல ஆண்டுகளாக ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த மருந்தைத்தான் அடித்து வந்தார்கள். இரண்டுமே மனிதர்களுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கான மருந்தும்கூட. வயலில் கொட்டக் கொட்ட, அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்பதால், விவசாயத்தில் இவற்றைப் படிப்படியாக நிறுத்துவதற்கான வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஆக, மருந்தை நம்பி இனி காலம் தள்ள முடியாது. நோயைத் தாங்கும் ரகம் வேண்டும். அதற்குக் கிருமி எப்படித் தாக்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ப்யூஸ் பிடுங்கும் வேலை

இந்த பாக்டீரியாவின் முழு மரபணு வரிசை 2005-இல் வெளியானது. சுமார் 49 லட்சம் எழுத்துகள், நாலாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். ஆனால் வரிசையைப் படித்துவிட்டால் மட்டும் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடாது. பழைய வீட்டு மெயின் போர்டில் எந்த ப்யூஸ் எந்த அறைக்கு என்று எழுதியிருக்காது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த லைட் அணைகிறது என்று பார்ப்போம் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும்.

பிடுங்குவதற்கு டிரான்ஸ்போசான் என்ற தாவும் டிஎன்ஏ துண்டு பயன்படுகிறது. பாக்டீரியாவுக்குள் விட்டால் மரபணுத் தொகுதியில் எங்காவது போய்ச் செருகிக்கொள்ளும். எந்த மரபணுவின் நடுவில் செருகுகிறதோ அது உடையும். இப்படி ஆயிரக்கணக்கான கிருமிகளை, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடம் உடைந்ததாக உருவாக்கிக்கொள்வார்கள். அடுத்த கட்டத்தில் பெரிய கருவி எதுவும் கிடையாது, கத்தரிக்கோல்தான். அதைக் கிருமிக் கரைசலில் நனைத்து நெல் இலை நுனியை வெட்டிவிட்டு, கருகல் எவ்வளவு நீளம் இறங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளப்பார்கள். கருகல் இறங்காவிட்டால், உடைந்த அந்த மரபணுவுக்கு நோயில் பங்கு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நல்ல பிரதியைத் திரும்பப் போட்டதும் நோய் திரும்பி வந்தால்தான் அது உறுதி.

ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் ரமேஷ் சோன்டி குழுவினர் இப்படித்தான் தேடினார்கள். சில கிருமிகளில் உடைந்திருந்தது, நொதிகளை வெளியே தள்ளும் ஏற்பாடு. செடியின் செல் சுவரைக் கரைக்கும் நொதியை அவை தயாரிக்கின்றன, ஆனால் வெளியே அனுப்ப முடியவில்லை. நோயும் உண்டாகவில்லை. இந்த முறையின் குறையும் இதே ஆய்வுகளில் தெரிந்தது. அந்த நொதிகளில் ஒன்றை மட்டும் உடைத்தால் நோய் ஓரளவுதான் குறைகிறது; இரண்டை உடைத்தால்தான் பெரிய வித்தியாசம். ஒரு ப்யூஸ் போனாலும் இன்வெர்ட்டரில் லைட் எரிகிற கதைதான்.

இதில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்த எக்ஸ்ஏ21 என்ற மரபணு கிருமியை எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று, அமெரிக்காவில் பமீலா ரொனால்டு குழு 2009-இல் ஒரு விடை சொன்னது. பிறகு பார்த்தால், ஆய்வில் பயன்படுத்திய கிருமிகளில் ஒன்றின் லேபிள் மாறியிருந்தது. 2013-இல் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்று, முதலிலிருந்து தேடி, 2015-இல் ராக்ஸ்-எக்ஸ் என்ற சின்னப் புரதத்தைச் சரியான விடையாகக் கொடுத்தார்கள். தப்பைத் தாங்களே சொன்னது பெரிய விஷயம்தான்.

சர்க்கரைக் குழாயும் மூன்று பூட்டும்

கிருமியின் இன்னொரு தந்திரம் இன்னும் சுவாரசியமானது. அது தன் புரதம் ஒன்றைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதம் நெல்லின் சொந்த மரபணு ஒன்றின் சுவிட்சைப் போட்டுவிடுகிறது. ஸ்வீட் என்று அழைக்கப்படும் அந்த மரபணுவின் வேலை, சர்க்கரையை செல்லுக்கு வெளியே அனுப்புவது. திருடனுக்கு வீட்டுக்காரரே சாப்பாடு எடுத்து வைப்பது போல.

எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணுவுள்ள நெல்லில் அந்த சுவிட்ச் மாறியிருக்கிறது. கிருமியால் போட முடியாது. எக்ஸ்ஏ5-இல், சுவிட்சைப் போடக் கிருமிக்கு உதவும் நெல் புரதம் ஒன்று லேசாக மாறியிருக்கிறது. இந்த இரண்டோடு எக்ஸ்ஏ21-ஐயும் சேர்த்து, சம்பா மசூரி என்ற பி.பி.டி. 5204 ரகத்தில் ஏற்றியதுதான் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. சிசிஎம்பியும் ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கி, 2008-இல் வெளியானது. இது மரபணு மாற்றப் பயிர் இல்லை. சாதாரண ஒட்டுக்கலப்புதான்; எந்த நாற்றில் எந்த மரபணு வந்திருக்கிறது என்று டிஎன்ஏ சோதனையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட 'கமலா' ரகமும் சம்பா மசூரியிலிருந்து வந்ததுதான் என்பதால் குழப்பம் வரலாம். அது மரபணுத் திருத்தம் செய்தது; விளைச்சலுக்கானது, இலைக் கருகலுக்கானது அல்ல.

மூன்று பூட்டு எதற்கு? கிருமியும் மாறுகிறது. எக்ஸ்ஏ13 பூட்டினால், சர்க்கரைக்கு வேறொரு ஸ்வீட் மரபணுவின் சுவிட்சைத் தேடிப் போடும் வகைகள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று வழியிலும் மாறுவது அதற்குக் கடினம், முடியாதது அல்ல. இந்தியாவில் சேகரித்த 100 கிருமி மாதிரிகளின் முழு மரபணு வரிசையைப் படித்த ஆய்வு 2017-இல் வந்தது. அதில் ஐந்து பரம்பரைகள் தெரிந்தன. ஓர் ஊரில் தாங்கும் ரகம் இன்னோர் ஊரில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் வயலில் இருப்பது எந்தப் பரம்பரை என்பது அந்த வயலின் இலையைச் சோதித்தால்தான் தெரியும். ஹைதராபாத் இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் 'பி.பி.டி.' என்று கேட்டால் கிடைப்பது பழைய ரகமாக இருக்கலாம். அதற்கு இந்த மூன்று பூட்டும் கிடையாது. அரிசியும் சோறும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூட்டையில் 'மேம்படுத்தப்பட்ட' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீரிய ஒட்டு ரகம் இல்லை என்பதால், ஒருமுறை வாங்கினால் அடுத்த பட்டத்துக்குச் சொந்த வயலிலேயே விதை எடுத்துக்கொள்ளலாம்.