கண்புரைச் சிகிச்சைகள் கூடுகின்றன: வெயில்தான் காரணமா?

ஸ்கூடாயில் இருப்பவர்களுக்கு வெயில் புதிதல்ல. பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் ஒன்றரை டிகிரியில் இருக்கிறோம். மேகமில்லாத நண்பகலில் இங்கே புற ஊதாக் கதிர்க் குறியீடு, அதாவது யு.வி. இண்டெக்ஸ், 11-ஐயும் தாண்டும். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடந்த 20 ஆண்டுகளில் மலேசியாவில் கண்புரை அறுவை சிகிச்சைகளும் நிறையவே கூடியிருக்கின்றன. அப்படியென்றால் "வெயில்தான் கண்ணைக் கெடுக்குது" என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை.

சிகிச்சைகள் ஏன் கூடின?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. முதல் காரணம் வயது. 2010-இல் நம் மக்கள்தொகையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 5 விழுக்காடு. 2020-இல் அது 6.8 விழுக்காடு.

இரண்டாவது, சிகிச்சை எளிதாகிவிட்டது. சின்னக் கீறல் போட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்கும் முறைக்கு 'பேகோ' என்று பெயர். 2002-இல் சுகாதார அமைச்சின் கண்புரைச் சிகிச்சைப் பதிவேடு தொடங்கியபோது, பத்தில் நான்கு சிகிச்சைகள்தான் இந்த முறையில் நடந்தன. 2011-இல் அது முக்கால்வாசியைத் தாண்டியது. பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பலாம் என்பதால், பார்வை முழுசா மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆக, சிகிச்சை கூடுவது ஒரு வகையில் நல்ல செய்திதான். 2014-ஆம் ஆண்டின் தேசியக் கண் ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் பாதிக்கும் மேல் சிகிச்சை செய்யாத கண்புரையால் வந்தது.

மூன்றாவது, இனிப்பு நீர். இது கண்புரையைச் சீக்கிரமே கொண்டுவரும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு.

அப்போ வெயிலுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அளவாக. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தினமும் வெயிலில் வேலை செய்த 838 மீனவர்களிடம் நடத்திய ஆய்வு 1988-இல் வெளியானது. வாழ்நாளில் கண்ணில் பட்ட யு.வி.-பி கதிர் இரண்டு மடங்கானால், லென்ஸின் வெளிப்பகுதியில் வரும் புரைக்கான ஆபத்து 1.6 மடங்காகிறது என்று அது காட்டியது. லென்ஸின் நடுவில் வரும் புரைக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. உலக அளவில் கண்புரையில் அதிகபட்சம் 10 விழுக்காடு வரை யு.வி.-யால் இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இருபது வயதில் இது ஏன் முக்கியம்?

தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கண் லென்ஸ் அப்படியில்லை. பிறந்ததிலிருந்து உள்ள புரதங்கள் கடைசிவரை அதிலேயே இருக்கும், பாதிப்பும் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று, கண்ணுக்கு மதிய வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. சூரியன் உச்சியில் இருக்கும்போது புருவம் ஓரளவு மறைக்கும். காலை 9, 10 மணிக்கும் மாலை 4, 5 மணிக்கும் சாய்வாக வரும் கதிர் நேராகக் கண்ணில் படும்.

என்ன செய்யலாம்?

சன்கிளாஸ் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், 'யு.வி.400' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பில்லாத கருப்புக் கண்ணாடி போட்டால் கண்மணி விரியும், அதன் வழியாக யு.வி. கூடுதலாக உள்ளே போகலாம். அகலமான தொப்பி உதவும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டாலே நல்ல பாதுகாப்பு, பாலிகார்பனேட் பெரும்பாலான யு.வி.-யைத் தடுத்துவிடும். சிகரெட்டை விடுவதும் இனிப்பு நீரைக் கட்டுக்குள் வைப்பதும் சன்கிளாஸைவிடக் கூடுதல் பலன் தரலாம்.

வீட்டில் பாட்டியோ அப்பாவோ "எதிர்ல வர்ற கார் விளக்கு கூசுது", "நிறமெல்லாம் மங்கலாத் தெரியுது" என்று சொன்னால், வயசாகிடுச்சு என்று விட்டுவிடாமல் பக்கத்து அரசு கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். கண்புரையால் போன பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.