ஒழுங்கை யாருடையது?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் வழி, வாய்க்கால், கிணற்றிற் பங்கு என்னும் சொற்களை அடிக்கடி காணலாம். ஒரு சமுதாயத்தின் வரலாறே அவற்றுள் அடங்கிக் கிடக்கின்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை சீதனத்துக்கு அளித்த இடம் யாவரும் அறிந்ததே. 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் காணி புதல்வியர் நால்வருக்குப் பிரிகின்றது; பேத்தியர் காலத்தில் ஒவ்வொரு பங்கும் மறுபடி பிளவுறுகின்றது. பின்காணிக்குப் போக வழி வேண்டுமே! சில அடி விட்டு வேலி அடைக்கின்றனர், ஒழுங்கை பிறக்கின்றது. இருமருங்கும் இருபது குடும்பங்கள் குடியேறிய பின்னரும் அது எவருடைய வீதியும் அன்று. உறுதியில் எஞ்சிய துண்டு நிலம்.

மாரி பிறந்ததும் அதன் கோலம் தெரியும். கிடுகு வேலி இருந்த காலத்தில் வெள்ளம் அயற்காணிக்குள் வடிந்தது. மதில் எழுந்தபின் ஒழுங்கையே வாய்க்காலாயிற்று. பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துப் பள்ளிக்குப் போகின்றனர். நோயாளியைக் கதிரையில் வைத்து முகப்புவரை தூக்குகின்றனர். மனுக் கொடுத்தால் வரும் விடை யாது? “இது தனியார் ஒழுங்கை, பொதுப்பணம் செலவிட இயலாது.” சோலைவரி வாங்கும்போது மட்டும் அவ்வீடுகள் ஊருக்குள் இருக்கின்றன போலும்!

வெள்ளத்தோடு விடயம் முடிவதில்லை. தனியார் வழி என்பது இம்மண்ணில் ஒருகாலும் வெறுஞ் சட்டச்சொல்லாக இருந்ததில்லை. வழிமறுப்பு சாதி ஒடுக்குமுறையின் பழைய ஆயுதம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களைப் பற்றிப் பேசிற்று. ஏட்டில் உறங்கிய அதற்கு உயிர் கொடுத்தவை 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் எழுந்த ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமுமே. தேநீர்க்கடைகள் திறந்தன, கோயில்கள் பலவும் திறந்தன. காணிக்காரரின் தயவில் நிற்கும் ஒழுங்கையோ தயவிலேயே நிற்கின்றது. தகராறு வந்த மறுநாள் முள் அடைக்கலாம், சுவரும் எழுப்பலாம். நெடுங்காலம் புழங்கிய வழிக்கு உரிமை கோரி வழக்காடலாமே என்பர் சட்டமறிந்தோர். உண்மைதான். கூலிக்குப் போகிறவன் எத்தனை தவணைக்கு நீதிமன்றப் படி ஏறுவான்?

வேறொரு கோரிக்கையும் எழுகின்றது. ஒழுங்கை முகப்பில் இரும்புப் படலை மாட்டிய வசதிபடைத்தோர் சிலர், உள்ளே சபை கொங்கிறீற்று இடவேண்டும் என்கின்றனர். பூட்டு மாத்திரம் தமக்கே வேண்டுமாம்! இதற்கு நாம் உடன்படோம். பொதுப்பணம் நுழையும் இடத்திற் பொதுமக்களும் நுழைவர்.

சபைகளிடம் பணமில்லை என்பது பாதி உண்மை. எல்லா ஒழுங்கைக்கும் ஒரே நாளில் தார் இடும்படி நாம் கேட்கவில்லை. முதலிற் பொது வழியெனப் பதியட்டும், எல்லை அளந்து கல் நாட்டட்டும், வடிகால் வெட்டட்டும். தார் பின்னர் வரலாம். கடல் கடந்துபோன ஓர் உரிமையாளரின் கையொப்பம் கிட்டவில்லை என்று இருபது குடும்பங்களைச் சேற்றில் நிறுத்துவது எந்த நியாயம்? அறிவித்தல் ஒட்டி, ஆட்சேபத்துக்குத் தவணை கொடுத்து, உரிய நட்டஈட்டுடன் பொறுப்பேற்கும் வழியை நாடுக.

2023 மார்ச்சிற் பதவிக்காலம் முடிந்த சபைகளுக்கு 2025 மே 6இலேயே தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு உறுப்பினர்கள் படலை படலையாக நடந்ததும் இவ்வொழுங்கைகளிலேதான். ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர் ஒழுங்கைகளை எண்ணி, குடும்பத் தொகையையும் வெள்ளம் தேங்கும் இடத்தையும் குறித்து, அடுத்த மாரிக்கு முன் சபைக் கூட்டத்தில் மனுவாக வைக்கட்டும்.