மூன்று கிழமைக்கு அசையாத நிறம்

பேன்சி சாமான் வியாபாரத்தில் முப்பது வருடம் கழித்தவன் நான். கியூடெக்ஸ் போத்தலை நிறம் பார்த்து, மூடி பார்த்து, புறக்கோட்டை விலை பார்த்து வாங்கத் தெரியும். பூசிய விரலில் அது என்ன செய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அதை எனக்குப் படிப்பித்தது அறுகம்பேயில் கழிந்த ஒரு பின்னேரம்.

மூத்த மகளின் கலியாணத்துக்குச் சொல்ல பொத்துவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். லுஹர் தொழுதுவிட்டு, இளைய மகளும் தங்கச்சியின் மகளும் உல்லைப் பக்கம் போகவேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரர் நிறைந்திருக்கும் பருவம். கடற்கரை வீதியில் பெண்களுக்கென்று ஓர் அழகு நிலையம். நடத்துபவள் நம் பக்கத்துப் பிள்ளைதான். முறையாகப் பயின்றவள், கடையும் துப்புரவு. "ஜெல் போட்டால் மூன்று கிழமைக்கு அசையாது" என்றாள். இளையவளுக்கு இது முதல் தடவை. கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள்தானே என்று ஆசைப்பட்டாள். நான் வெளியே கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்து, நாலாயிரம் ரூபாவும் கொடுத்து வந்தேன்.

அஸருக்கு வுழூச் செய்யக் குழாயடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டிலிருந்த ரிமூவரால் தேய்த்துப் பார்த்தாள். பத்து விரலும் கண்ணாடி மாதிரி மினுங்கியபடியே இருந்தன. "வாப்பா, இது போகுதில்லை" என்றாள், அழுவாரைப் போல.

திரும்ப ஓடினோம். அந்தப் பிள்ளை மேற்பூச்சை அராவி, பஞ்சில் அசிட்டோன் நனைத்து, ஒவ்வொரு விரலையும் வெள்ளித்தாளில் சுற்றிக் கால்மணி நேரம் வைத்து, குச்சியால் தள்ளி எடுத்தாள். கழற்றக் கூலி வேறு. அஸர் தப்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவசரத்தில் தள்ளியதில் இரண்டு நகங்களின் மேல்படை உரிந்துவிட்டது. கலியாணத்தன்று அவள் அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. மூன்று கிழமை என்றாள், அது உண்மை. சாதாரணக் கியூடெக்ஸ் காற்றில் காய்வது. அதிலுள்ள திரவம் ஆவியாகப் போய் நிறம் மிஞ்சும், ஆகவே ரிமூவரில் கரைந்து வரும். ஜெல் காய்வதில்லை, இறுகுகிறது. விளக்கின் ஊதாக் கதிர் பட்டதும் அது ஒன்றோடொன்று பின்னிப் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. பல் வைத்தியர் ஓட்டையை அடைத்துவிட்டு நீல விளக்குப் பிடிக்கிறாரே, ஏறக்குறைய அதே வேலை. அமெரிக்காவின் சீ.என்.டி. கம்பனி 2010இல் ஷெல்லாக் என்ற பெயரில் இப்படியான பூச்சைக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் இதுதான் பேச்சு. தினமும் கடலில் கிடக்கும் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அசையாதது சரக்கின் குணம். ஐந்து வேளை நகத்தில் தண்ணீர் படவேண்டியவளுக்கோ அதுவே சரக்கின் குறை. ஒரே சாமான், இரண்டு வாடிக்கையாளர். முதல் பூச்சுக்கு முன் இரண்டாமவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதுதான் பிழை.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் உண்டா என்பது வேறு கதை. போலந்தின் இங்லோட் கம்பனி, காற்றும் நீராவியும் ஊடுருவும் நகப்பூச்சொன்றை வெளியிட்டது. அவர்கள் அதை வுழூவை நினைத்துச் செய்யவில்லை, நகத்தின் சுகத்துக்கென்றே செய்தார்கள். 2013 அளவில் முஸ்லிம் பெண்கள் மத்தியில் அது பரவலாகப் பேசப்பட்டது. பிறகு பலரும் அதே பேச்சை வைத்து, போத்தலில் "ஹலால்" என்று அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். அப்படியொரு சரக்கை, பெயர் வேண்டாம், நானும் ஆறு டசின் இறக்கினேன். ஒருநாள் ஓர் ஆசிரியை, "முதலாளி, தண்ணீர் போகுதா என்று பார்த்தீங்களா?" என்று கேட்டார். அன்றிரவு மெல்லிய தாளொன்றில் இரண்டு தடவை பூசிக் காயவைத்து, அடியில் இன்னொரு தாள் வைத்து, மேலே நீர் விட்டேன். பத்து நிமிடமாகியும் அடித்தாள் நனையவில்லை. அதற்குள் நாலு டசின் விற்றாயிற்று! ஹலால் என்றால் உள்ளே ஹராமான பொருள் இல்லை என்பது. தண்ணீர் உள்ளே போகும் என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்றிருந்தேன். ஈரத் தானியக் குவியலின் சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன்! மீதி இரண்டு டசினும் இன்னும் மேல்தட்டில் இருக்கின்றன.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் சரக்கையும் கவனிக்கவேண்டும். ஜெல்லை இறுகச் செய்யும் டீ.பீ.ஓ. என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தி, ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. அங்கே விற்க முடியாத சரக்கு மலிவு விலையில் எந்தப் பக்கம் திரும்பும் என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போத்தலில் உட்பொருள் விபரம் இல்லையென்றால் வாங்காதீர்கள். விளக்கும் ஜெல்லும் பொருந்தாவிட்டால் பூச்சு முழுதாய் இறுகாது. இறுகாத ஜெல் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்தால் அது ஆயுளுக்கும் விடாது. பூசிக்கொள்பவளைவிட நாள்முழுக்கப் பூசிவிடும் பெண்ணுக்கே இதில் ஆபத்து அதிகம்.

நீடிக்கும் நிறம்தான் வேண்டுமென்றால் நம் வளவிலேயே மருதோன்றி நிற்கிறது. நகத்தில் ஏறிய சிவப்பு, நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை, மாதக்கணக்கில் போகாது. சாயம்தான் நிற்கும், படலம் இல்லை. வுழூவுக்குத் தடையும் இல்லை. அதையும் கெடுத்துவிட்டோம். கடற்கரையிலும் பெருநாள் கடைகளிலும் "கறுப்பு மருதோன்றி" என்று விற்பதில் பெரும்பாலும் கலந்திருப்பது பீ.பீ.டீ. என்ற தலைமயிர்ச் சாயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதைத் தோலில் போட அனுமதி கிடையாது. கொப்புளம் கிளம்பிய பிள்ளைகளின் கைகளை நானே பார்த்திருக்கிறேன்.

நகம் கழற்றிய அன்றே அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "மகள், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் போடுங்க. இது தண்ணீரை விடாது, வீட்டில் கழற்ற முடியாது என்று." தொழாத நாட்களின் கணக்கைப் பெண்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். கடைக்காரர் கேட்கத் தேவையில்லை, சொன்னால் போதும்.

"எழுதினா நம்ம ஆக்கள் போடமாட்டாங்களே, ஹாஜியார்" என்றாள்.

சிலர் போடமாட்டார்கள்தான். அவர்களுக்கு நகம் வெட்டி, அராவி, பூச்சில்லாமலே மினுக்கிவிடலாம். மருதோன்றி போடலாம். வெள்ளைக்காரர் போனபின் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் அந்த வீதிக்கு வரப்போவது கல்முனை, அக்கரைப்பற்றுப் பெண்கள்தானே! அவள் ஒன்றும் பேசவில்லை, யோசித்தாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் மணப்பெண்ணுக்கு மருதோன்றி போட அவளையே அழைத்தோம். இலை எங்கள் வளவில் பறித்தது. கூலி நாலாயிரம் கேட்டாள், கொடுத்தேன்.